ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் பேதியா? சி.டிஃப் பற்றிய கேள்வி பதில்

தொற்றுத் தடுப்புப் பிரிவுச் செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிஸ்டர், ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்றிலிருந்து தண்ணீராகவே போகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: முதலில் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மருந்து குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த இடைவெளியில் சி.டிஃப் எனப்படும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, நச்சை விட்டுப் பெருங்குடலைப் புண்ணாக்கும். மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் வரலாம். ஒரே நாளில் 3 தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், இன்றே டாக்டரிடம் சீட்டோடு போய் மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது இதில் எது இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: அதுவரை பேதி நிற்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சி.டிஃப் உறுதியாகிவிட்டது. சானிடைசர் போட்டுத்தான் தொடுகிறோம். போதும்தானே அக்கா?

பதில்: போதாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இந்தக் கிருமி வித்தாக மாறி, கெட்டியான உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் வித்து கையை விட்டுப் போகும். கழுவிய கையால் குழாயை மூடினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காகிதத்தால் பிடித்து மூடுங்கள். ஃப்ளஷ் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், கட்டில் கம்பி, பெட்பேன் எல்லாவற்றையும் ப்ளீச் கரைசலால் துடையுங்கள். முடிந்தால் அவருக்குத் தனிக் கழிவறை விடுங்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கால் வந்ததற்கு மறுபடியும் ஆன்டிபயாடிக்கா?

பதில்: ஆமாம், ஆனால் வேறு வகை. வான்கோமைசின் அல்லது ஃபிடாக்ஸோமைசினை வாய்வழியாகப் பெரும்பாலும் 10 நாள் தருவார்கள். நரம்பில் ஏற்றும் வான்கோமைசின் குடலுக்குப் போய்ச் சேராது. முன்பு எடுத்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்குக் குணமாகிவிட்டது. திரும்ப வருமா?

பதில்: ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் 8 வாரத்துக்குள். அடிக்கடி திரும்பினால், ஆரோக்கியமானவரின் மலக் கிருமிகளைக் குடலில் சேர்க்கும் சிகிச்சை உண்டு. அருவருப்பாகத் தோன்றினாலும் நல்ல பலன் தருகிறது. பேதி நின்றபின் மறுபரிசோதனை வேண்டாம்; குணமானவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம், இனி பல் டாக்டரிடம் போனாலும் சி.டிஃப் வந்ததை மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.