கால்பந்தில் கீழ் டிவிஷன் ஆட்டக்காரர் சிறுவர் கோச் ஆகும்போது: கேள்வி பதில்

கேள்வி: கோச், வயசு 27. மூணாவது டிவிஷன்ல ஆடிட்டிருந்தேன், முழங்கால் போயிடுச்சு. பெரிய கிளப் பேர் எதுவும் இல்லாம கோச்சிங் பக்கம் வர முடியுமா?

பதில்: தாராளமாக வரலாம். ஜெர்மன் கோச் தாமஸ் டூகல் 25 வயதில் முழங்கால் குருத்தெலும்புக் காயத்தால் ஆட்டத்தை நிறுத்தியபோது, ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷனில் உல்ம் அணியில்தான் இருந்தார். 2000-ல் ஸ்டுட்கார்ட்டில் சிறுவர் கோச்சாகத் தொடங்கினார். 2021-ல் இங்கிலாந்தின் செல்சி அணிக்குக் கோச்சாக, ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயித்தார். இன்னொரு ஜெர்மன் கோச் யூலியான் நாகல்ஸ்மானுக்கும் காயத்தால் ஆட்டம் இளவயதிலேயே முடிந்துபோனது. 2016-ல், 28 வயதில், ஜெர்மனியின் முதல் டிவிஷன் அணியான ஹோஃபன்ஹைமின் தலைமைக் கோச் ஆனார். இவர்கள் விதிவிலக்குகள்தான். சிறுவர் கோச் வேலை பெரும்பாலும் சாயங்கால வேலை, சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்கும். முதல் சில வருடங்களுக்கு வேறொரு வருமானத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் 18 வயதுப் பிரிவைத் தேடி ஓடாதீர்கள். 10, 12 வயதுப் பிரிவில் உதவிக் கோச்சாக நின்றால்தான் தொழில் படியும்.

கேள்வி: லைசென்ஸ் எந்த வரிசையில எடுக்கணும்? ஆடின அனுபவம் இருந்தா சில படி தாண்டிடலாமா சார்?

பதில்: ஆசியாவில் சி, பி, ஏ, புரோ என்று போகும், பல நாடுகளில் அதற்கும் கீழே டி வகுப்பு உண்டு. ஐரோப்பாவிலும் சி முதல் புரோ வரைதான். படி தாண்டலாமா என்பது உங்கள் சங்கத்தின் விதியைப் பொறுத்தது. வாய்ப்புக் கிடைத்தாலும் தாண்டாதீர்கள். செய்முறைத் தேர்வில் முன்னாள் ஆட்டக்காரர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில். நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்திப் பேசுவது ஒன்று. பந்தைத் தாங்களே வாங்கி ஆடிக் காட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. தேர்வாளர் பார்ப்பது உங்கள் காலை அல்ல, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை.

கேள்வி: அடுத்த வாரம் முதல் செஷன். 10 வயசுப் பசங்க 16 பேர், ஒரு மணி நேரம், அரை கிரவுண்டு. என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: 4-ஆம் நம்பர் பந்து, ஆளுக்கு ஒன்று. கோன் 30, சட்டைக்கு மேல் மாட்டும் பிப் இரண்டு நிறத்தில் எட்டெட்டு. பசங்க வருவதற்குள் எல்லாக் கட்டங்களையும் போட்டு முடித்துவிடுங்கள். நடுவில் கோன் நகர்த்தப் போனால் அஞ்சு நிமிடம் போய்விடும், கூட்டமும் கலைந்துவிடும்.

முதல் 12 நிமிடம்: 20 மீட்டர் சதுரத்துக்குள் எல்லாரும் அவரவர் பந்தோடு. நீங்கள் கையைத் தூக்கி விரல் காட்டுங்கள், ஓட்டத்திலேயே எண்ணைச் சொல்லட்டும். தலை நிமிரும் பழக்கம் அப்படித்தான் வரும்.

அடுத்த 13 நிமிடம்: நாலு பேர் கொண்ட நாலு குழு, 8 மீட்டர் சதுரத்தில் மூன்று பேருக்கு எதிராக ஒருவர். பந்தை இழந்தவன் நடுவில் வரட்டும். ஒரே பையன் நடுவிலேயே மாட்டிக்கொண்டால், ஒரு நிமிடத்தில் நீங்களே மாற்றிவிடுங்கள். பாஸ் ஏன் மேலே எழும்புகிறது என்றால், ஊன்றும் கால் பந்துக்குப் பின்தங்கி, உடம்பு பின்னால் சாய்வதால். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. கால்விரல் பாஸ் போகும் திசையில். உதைக்கும் கணுக்கால் இறுக்கமாக. பாதி வேகத்தில், பக்கவாட்டில் நின்று செய்துகாட்டுங்கள். வெயில் பிள்ளைகள் முதுகில் விழட்டும், உங்கள் கண்ணில் அடித்தால் பரவாயில்லை.

மீதி நேரத்தில் தண்ணீருக்கு மூன்று நிமிடம் போக, எல்லாம் ஆட்டம்தான்: 30-க்கு 20 மீட்டரில் இரண்டு ஆடுகளம், நாலுக்கு நாலு, கோல்கீப்பர் கிடையாது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எதிரணியை மாற்றுங்கள். பந்து சும்மா சும்மா வெளியே போனால் களம் சின்னது. நாலு மீட்டர் அகலப்படுத்துங்கள். வேகமாக ஓடுகிறவன் மட்டுமே கோல் போட்டால் களம் பெரிது. 3-0 ஆகிவிட்டால் தோற்கும் பக்கம் ஒரு ஆளைக் கூட்டுங்கள். ஆட்டத்தை மொத்தத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் நிறுத்தாதீர்கள், ஒவ்வொன்றும் 20 வினாடிக்குள்.

எட்டுப் பேரை ஒரு பந்துக்கு வரிசையில் நிறுத்தும் பயிற்சியை மறந்துவிடுங்கள். வரிசையில் நிற்கும் பையன் கற்றுக்கொள்வது பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளுவதைத்தான்.

கேள்வி: 7 வயசுக் குழந்தைங்க எல்லாரும் பந்து மேலேயே விழுறாங்க. "பரவி நில்லு"ன்னு கத்தியும் பிரயோஜனம் இல்ல.

பதில்: அந்த வயதுக்கு அது இயல்பு. கத்துவதை விட்டுவிட்டு, மூன்றுக்கு மூன்று வைத்து, அணிக்கு இரண்டு கோல் கொடுங்கள், மூலைக்கு ஒன்றாக. ஒரு கோல் அடைபட்டால் இன்னொன்று காலியாக இருப்பதைத் தாங்களே பார்ப்பார்கள்.

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. பயிற்சி முடிஞ்சா குதிகால் வலிக்குதுன்னு நொண்டுறா. கோச் "கொஞ்சம் தாங்கிக்கோ"ங்கிறார்.

பதில்: தாங்கச் சொல்லாதீர்கள் அம்மா. சுமார் 8 முதல் 14 வயதுக்குள் குதிகால் வலிக்கு அடிக்கடி காரணம், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டைக் குதிகால் தசைநாண் இழுப்பது. முழங்காலுக்குக் கீழே புடைப்போடு வலித்தால் அங்கேயும் கதை அதேதான். உயரம் மளமளவென்று கூடும் மாதங்களில், கெட்டித் தரையில், அடியில் குமிழ் வைத்த ஸ்டட் ஷூவோடு ஆடினால் வலி ஏறும். நொண்டினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, மெத்தென்ற அடிப்பாக ஷூ போட்டு, மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ராத்திரி வலி, வீக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே போங்கள். கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை: மாதம் ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள், சட்டென்று ஏறுகிறவர்களுக்குப் பயிற்சிப் பளுவைக் குறையுங்கள்.

கேள்வி: வார்ம்அப்புக்கு ஃபிஃபா 11 பிளஸ் போதுமா?

பதில்: காயத்தைத் தவிர்க்க ஃபிஃபா வகுத்த இந்த வார்ம்அப் 14 வயதுக்கு மேல் அருமையானது, 20 நிமிடம், வாரம் இரண்டு தடவையாவது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனியாகச் சிறுவர் பதிப்பு இருக்கிறது, அதைப் பிடியுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. எண்ணிக்கை முடிந்தால் போதும் என்று விட்டால் பலன் இல்லை.

கேள்வி: தலையால பந்தை முட்டுற ஹெட்டிங் எப்ப ஆரம்பிக்கலாம்?

பதில்: அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல் 10 வயது வரை முழுத்தடை, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு என்று வைத்தது. அதையே பின்பற்றலாம். தொடங்கும்போது லேசான பந்து, கையால் மெல்ல எறிந்து, ஒரு செஷனில் சில தடவை மட்டும்.