தங்கச்சிமடம் அரசுப் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் தினமும் வராதது ஏன்? பற்றாக்குறைக்கு அரசு என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில், மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் சிறப்புப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கு என்று நியமிக்கப்பட்டவர்கள் இல்லை. சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில், தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கும் பொதுவான வட்டார வள மையத்திலிருந்து வருகிறார்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்க வேண்டும், வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் போய்ப் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் தொடங்கி பாம்பன் தீவு வரை, அந்தப் பக்கம் சாயல்குடி, வாலிநோக்கம் என்று ஊர்கள் விலகி விலகிக் கிடக்கும் கரையில் பாதி நேரம் பேருந்திலேயே போய்விடும்.

2021-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2022-ல் மத்திய அரசு ஓர் அளவு சொன்னது: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒரு பயிற்றுநர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடுவும் விதித்தது. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் தகுதியைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் சொன்னது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சிறப்புப் பயிற்றுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் தொகுப்பூதியத்தை நம்பி எத்தனை காலம் இருப்பார்கள்?

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தலைமையாசிரியருக்கும் வட்டார வள மையத்துக்கும் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.