தெலுக் கெமாங் தொகுதி எங்கே போனது?

வணக்கம் தம்பி. லுக்குட் தோட்டத்தில் இருந்த தாத்தாவின் 2013 ஓட்டுச் சீட்டில் 'தெலுக் கெமாங்' என்றிருக்கிறது, இப்போது அந்தத் தொகுதியையே காணோம் என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலுள்ள அந்த நாடாளுமன்றத் தொகுதி எங்கும் போய்விடவில்லை. 2018 தொகுதி எல்லைச் சீரமைப்பில் பெயர் போர்ட்டிக்சன் ஆனது, பி.132 என்ற எண் அப்படியே இருக்கிறது. சீட்டில் எண்ணைப் பாருங்கள்.

ஒரு குழப்பம் வரும். அதற்கு முன்பு 'போர்ட்டிக்சன்' என்றால் தெலுக் கெமாங்குக்குள் அடங்கிய ஒரு சட்டமன்றத் தொகுதி. அதுதான் இப்போது ஸ்ரீ தஞ்சோங். யார் வைத்த பெயர்களோ!

தெலுக் கெமாங் நம்மவர்களுக்கு ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தொகுதியாகத்தான் பழக்கம். 2000 இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் சோதிநாதன் வென்றார், 2008-இல் பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) வேட்பாளர் கமாருல் பஹாரினிடம் தோற்றார். அப்புறம் 2018 அக்டோபர் இடைத்தேர்தலில் அதே கட்சியின் அன்வார் இப்ராஹிம் வென்றது புதுப் பெயரில்தான்.