ரிம்மில் தெறிக்கும் செயின் எண்ணெய்

பைக் செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் கருவியிலிருந்து ரிம்மில் எண்ணெய் தெறிக்கிறது, அதன் குழாயும் அசிங்கமாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் சொட்டும் குழாய் முனையைச் செயினுக்கு மேலே தொங்கவிடாமல், பின் ஸ்பிராக்கெட்டின் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பற்சக்கரம்) பக்கவாட்டு முகத்தை மெல்லத் தொடும்படி வையுங்கள். செயின் இடப்பக்கம் உள்ள வண்டியை அந்தப் பக்கமிருந்து பார்த்தால், கடிகாரத்தில் 7 மணி காட்டும் இடம் அது. கீழ்ச்செயின் அங்கேதான் பல்லில் ஏறுகிறது. சுழலும் வேகமே எண்ணெயை வெளிப்புறம் தள்ளி, செயினின் உருளைகளில் சேர்த்துவிடும்.

நூறு கிலோமீட்டரிலேயே ரிம் நனைகிறது என்கிறீர்கள். அப்படியானால் சொட்டும் அளவும் மிகுதியாக இருக்க வேண்டும். உங்களுடையது எஞ்சினின் உறிஞ்சு விசையில் திறக்கும் வகை என்பதால், திறந்த வெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, முனையில் விழும் சொட்டுகளை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 1 அல்லது 2 சொட்டு போதும். நியூட்ரலிலும் சக்கரம் மெல்லச் சுழலக்கூடும். விரலை அருகே கொண்டுபோக வேண்டாம்.

குழாய் அசிங்கமாகத் தெரிவதற்கு, அதை ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) அடிப்புறமாகக் கொண்டுசெல்வதே தீர்வு. ஒட்டும் இடத்தில் கிரீஸ் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது; ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்ட பின்பே ஒட்டுங்கள். வண்டியின் சட்டத்திலிருந்து ஸ்விங் ஆர்முக்குத் தாண்டும் இடத்தில் சற்றுத் தளர்வு விடாவிட்டால், முதல் பெரிய பள்ளத்திலேயே குழாய் பிடுங்கிக்கொள்ளும்.

செயினை இறுக்கும்போதெல்லாம் சக்கரம் பின்னே நகர்வதால் ஸ்பிராக்கெட்டில் முனை தொடும் இடமும் மாறும். அப்போது மீண்டும் சரிபாருங்கள். டயரின் ஓரத்தில் ஏற்கெனவே எண்ணெய் பட்டிருந்தால், சோப்பு நீரால் கழுவாமல் வளைவில் சாய்க்க வேண்டாம்.