வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வாசலுக்கு வெளியே எங்கள் குடும்பம்

நிலக்கரிச் சுரங்க ஊர்களைப் போல ஒரே தொழிலை நம்பியிருந்த ஊரில் உங்கள் குடும்பம் வாழ்ந்ததா, அந்தக் காலத்துக் கஷ்டங்களில் இன்றும் நினைவில் நிற்பவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் ஒரு கடதாசி ஆலை இருந்தது; அதன் சங்கொலியைக் கேட்டுத்தான் அந்தப் பக்கத்தில் பலருடைய வீடுகளில் உலை ஏறியது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட அந்த ஆலை, 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது. என் அம்மப்பா அந்த ஆலையை நம்பி வாழ்ந்தவர். ஆனால் ஒரு நாளும் அதன் சம்பளப் பட்டியலில் இருந்தவரல்லர். நான் எழுதப்போவது அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியது.

அங்கே கடதாசிக்கு மூலப்பொருள் மரமன்று, வைக்கோல். வெள்ளாமை வெட்டிச் சூடடித்து முடிந்ததும் களவெட்டியில் மலைபோல் கிடக்கும் வைக்கோலை, அதுவரை மாட்டுக்குப் போட்டது போக எரித்துவிடுவதே வழக்கமாக இருந்தது என்று அம்மா சொல்வார். ஆலை வந்த பிறகு அதற்கு ஒரு விலை பிறந்தது. அம்மப்பாவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லை. வாகனேரிப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், போடிமார் எனப்படும் பெரிய வயற்காரர்களிடம் கேட்டு வைக்கோலை வாங்கி, வைக்கோற்புரியாலேயே கட்டி, மாட்டு வண்டிலில் ஏற்றிவந்து ஒரு கொந்தராத்துக்காரரிடம் (ஒப்பந்தக்காரரிடம்) அந்தர் கணக்கில் கொடுப்பார்; ஓர் அந்தர் என்பது ஏறத்தாழ ஐம்பது கிலோ. அவர்தான் அதை ஆலைக்கு அனுப்புவார்.

எங்கள் குடும்பத்தின் பசியும் நிறைவும் அந்த வைக்கோல் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. கொந்தராத்துக்காரர் வண்டிலுக்குப் பின்னால் வந்து நின்று, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடிக்கட்டிலிருந்து ஒரு பிடியை உருவி எடுத்து முறுக்கிப் பார்ப்பார், பிறகு மூக்கருகே கொண்டுபோவார். "ஈரம் கிடக்கு, ரெண்டு அந்தர் கழியும்" என்று அவர் சொன்னால் அது கழிந்தே போகும். அம்மப்பா எதிர்த்துப் பேசியதை அம்மா ஒரு முறையும் கண்டதில்லை. அன்றைக்கு எதிர்த்தால் மறுநாள் வண்டிலை யார் வாங்குவார்? நியாயத்தைச் சொல்வதானால், ஈரம் இருந்த நாட்களும் உண்டு. ஆனால் நல்ல வெயிலில் மூன்று நாள் உலர்ந்த வைக்கோலுக்கும் அதே இரண்டு அந்தர் கழிக்கப்பட்ட நாட்கள் அதைவிட அதிகம் என்பதை அம்மா இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார், எனக்கும் அந்தக் கோபம் குறையவில்லை.

மாரியில் விதைத்த பெரும்போகம் மாசி, பங்குனியில் வெட்டப்படும்போது சில ஆண்டுகளில் பின்மழை வந்துவிடும். மாலையில் மேகம் கறுத்தால் அம்மம்மா வளவுக்கு ஓடி, முற்றத்தில் இறக்கியிருக்கும் கட்டுகளைக் கிடுகால் மூடுவார். கிடுகு போதாது. வீட்டில் இருந்த நான்கு பன்பாய்களையும் எடுத்துக்கொண்டுபோய் மேலே விரிப்பார். "மனே, இண்டைக்கு ஒரு ராவுக்குத்தானே, சீலையை விரிச்சுப் படுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வாராம். சாணம் மெழுகிய தரையில், மழைக்குளிரில், அம்மம்மாவின் பழைய சேலையை விரித்து ஐந்து பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு படுத்ததை அம்மா சொல்லும்போது, அந்தத் தரையின் ஈரம் கேட்பவரின் முதுகிலும் ஏறும்.

ஈரம் இன்னொரு கணக்கையும் எங்களிடம் தீர்த்துக்கொண்டது. பழைய வைக்கோல் ஏற்றிய நாட்களில் அம்மப்பாவுக்குப் பகலில் ஒன்றும் இராது. இரவானதும் நடுக்கமும் காய்ச்சலும் வரும், நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும், ஓரிரு நாளில் தானாகவே தணியும். யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று நம்பிய அம்மம்மா, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து நாவூறு கழித்து அடுப்பில் போடுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, எனக்கு அறிமுகமான ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னபோதுதான் விளங்கியது: ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், அதைக் கலைக்கும்போது கிளம்பும் நுண்தூள் நுரையீரலுக்குள் போனால், சில மணி நேரம் கழித்தே உடல் அதற்கு எதிர்வினை காட்டும், திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். மேற்கு நாடுகளில் இதற்கு விவசாயிகளின் நுரையீரல் நோய் என்றே பெயர். வேலைக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் அந்தச் சில மணி நேர இடைவெளி இருந்ததால்தான் எங்கள் வீட்டில் ஒருவரும் வைக்கோலைச் சந்தேகிக்கவில்லை. அம்மப்பாவின் கடைசி ஆண்டுகளில், கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார்.

பிரித்தானியச் சுரங்க ஊர்களில், சுரங்க வாசலிலேயே குளியலறைகள் கட்டப்படும் காலம் வரை, கரித்தூளோடு திரும்பும் ஆண்களுக்கு அடுப்பில் நீர் காய்ச்சி, தகரத் தொட்டியில் அமர்த்தி முதுகு தேய்த்துவிடுவது பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது என்று வாசித்தபோது எனக்கு அம்மம்மாவே நினைவுக்கு வந்தார். வைக்கோல் சுணை வியர்வையோடு சேர்ந்து உடலெல்லாம் அரிக்கும். அவர் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரை ஊற்றி, தும்பால் முதுகைத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். விறகு பொறுக்குவது, நீர் சுமப்பது, கட்டுகளை மூடுவது, காலையில் விரித்து உலர்த்துவது என்று அவர் செய்த எதுவும் ஓர் அந்தராகவும் கணக்கில் ஏறவில்லை.

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி கூரையைக் கொண்டுபோனது என்பதைவிட, வயல்களையும் அழித்ததால் அடுத்த அறுவடையில் வாங்குவதற்கு வைக்கோலே குறைந்துபோனது என்பதுதான் எங்களை அதிகம் வருத்தியது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வட்டைகளுக்குப் போகும் வழியே அடைபட்டது. மாடுகளை வந்த விலைக்கு விற்றோம், வண்டில் முற்றத்தில் கிடந்து உக்கியது. அதன் பின் அம்மப்பா வைக்கோல் ஏற்றவில்லை.

ஆலைக்குள் வேலை செய்த அயலவர்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு இருந்தது. அவர்களும் பட்டிருக்கிறார்கள், அவர்களுடைய கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆலைக்கான வைக்கோலைச் சுமந்த ஒரு மனிதருக்கு, தான் அங்கே உழைத்ததைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. ஆலையின் கதையைச் சொல்பவர்கள் இயந்திரங்களையும் அதிகாரிகளையும் தொழிற்சங்கங்களையும் சொல்கிறார்கள், வண்டில்காரர்களைச் சொல்வதில்லை.

ஓட்டமாவடி, பேத்தாழை, கிரான் பக்கத்தவர்கள் யாரேனும் இதை வாசித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வைக்கோல் ஏற்றியவர்களா, எந்த வட்டையிலிருந்து ஏற்றினார்கள், அந்தருக்கு என்ன விலை கிடைத்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதைக் கீழே எழுதுங்கள். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது; வருகின்ற பதில்களை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.