முதலூரில் முதலை ஏது?

கேள்வி: எங்கள் சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்காகச் சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் தொகுத்திருக்கிறேன். முதலை கிடந்த குளத்தால் முதலூர், தோணிகள் வந்துபோனதால் டோனாவூர். சரிதானே?
- வாசகர், திசையன்விளை.

பதில்: செம்மணல் மேடான தேரிக்காட்டில் முதலைக்குத் தண்ணீர் யார் கொண்டுவந்து ஊற்றினார்கள்? முதலூர் என்றால் முதல் ஊர்தான். கிறிஸ்தவர்களான குடும்பங்களைச் சொந்த ஊரில் இருக்கவிடாமல் துன்புறுத்தியபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று 1799-இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய இடம். திருநெல்வேலிச் சீமையில் அப்படி அமைந்த முதல் குடியிருப்பு. அந்த ஊருக்குப் பேர்போன மஸ்கோத்து அல்வா வாங்கப் போன கடையிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

டோனாவூர் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறது. தோணி அங்கே எதில் மிதந்தது? மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பண உதவி செய்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர் அது. சாயர்புரமும் இதே கதைதான்: நிலம் வாங்கித் தந்த வணிகர் சாமுவேல் சாயர்.

வெள்ளைக்காரர் வைத்த பெயரும் வேதப்புத்தகத்துப் பெயரும் சுலபம். எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் பெயர்களைத்தான் நீங்கள் தொடவே இல்லை. மெய்ஞ்ஞானபுரம் அதற்கு முன் நெடுவிளை. நாசரேத் இருக்கும் இடம் சாண்பத்து. 'பத்து' என்றதும் விரல்விட்டு எண்ணக் கிளம்பிவிடாதீர்கள். நேற்று நேத்தானது போல, நிலத்தைக் குறித்த 'பற்று' பேச்சில் பத்தானது. படுக்கப்பத்தும் அந்த வகையறாதான். விளை என்பது பனையும் புஞ்சையுமான மேட்டு நிலம். உங்கள் முகவரியிலேயே ஒரு விளை இருக்கிறது, அதை விட்டுவிட்டு முதலை தேடப் போயிருக்கிறீர்கள்!

இன்னொன்று. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து இடையன்குடியில் தெருக்களையே நேராக்கினார். பெயரில் கை வைக்கவில்லை. மொழி தெரிந்தவர்.

சரி, என்ன செய்யலாம்? சபையில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கும். அதில் நான்கெல்லை எழுதியிருக்கும் பத்தியைப் பாருங்கள். இன்ன விளைக்கு மேற்கு, இன்ன உடைமரத்துக்குத் தெற்கு என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் கிடைக்கும். புதுப் பட்டாவில் சர்வே எண்தான் இருக்கும், அதில் தேடிப் பயனில்லை. அப்புறம், உங்கள் ஊரில் மிச்சமிருக்கும் வயதான பனையேறி ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையில் ஒரு நடை போய்வாருங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

மலரில் இடம் போதாது என்பீர்கள். முதலையையும் தோணியையும் எடுத்துவிட்டால் ஒரு பக்கம் காலியாகும்.