பரதம் ஆடுகிற பெண், ஜிம் வகுப்பில் ஃபெயில்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு, வேதியியல் எல்லாவற்றிலும் ‘ஏ’. ஜிம் எனப்படும் உடற்கல்வி வகுப்பில் மட்டும் மூன்று காலாண்டுகளுக்கு 82, 70, 40. போன வருஷ ஜிம்மும் ஃபெயில் என்று பள்ளி கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) இப்போதுதான் சொல்கிறார். ஜூனில் பள்ளிப் பட்டமளிப்பு. எட்டு வருஷமாகப் பரதம் ஆடுகிறாளே, அது செல்லாதா? உடை மாற்றும் அறைக்குள் போகவே கூச்சப்படுகிறாள்.

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஓடத் தெரியாமல் ஜிம்மில் ஃபெயிலாகிற பிள்ளைகள் குறைவு. பெரும்பாலான பள்ளிகளில் மதிப்பெண்ணின் பெரும்பங்கு உடை மாற்றி வந்தாளா, கலந்துகொண்டாளா என்பதற்குத்தான். மாற்றாமல் ஓரமாக உட்கார்ந்தால் அன்றைக்குப் பூஜ்யம். வாரத்துக்கு இரண்டு மூன்று பூஜ்யம் விழுந்தால் 40 வந்துவிடும். அவளைத் திட்டாதீர்கள். பெற்றோருக்கான இணையப் பக்கத்தில் எந்தெந்தத் தேதியில் பூஜ்யம் என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கூச்சத்துக்கு வழி உண்டு. நர்ஸ் அறைக் கழிப்பறையில் உடை மாற்ற அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஜிம் உள்ள நாளில் டிராக் பேண்டும் முழுக்கை டி-ஷர்ட்டும் வீட்டிலிருந்தே போட்டு வரலாமா என்றும் கேளுங்கள். லேஸ் கட்டிய ஷூ முக்கியம். செருப்பிலோ கிராக்ஸிலோ போனால் ‘தயாராக வரவில்லை’ என்றே குறிப்பார்கள். அந்த அறையில் யாராவது கேலி செய்திருந்தால் அது தனிப் புகார், அதை எழுத்தில் கொடுங்கள்.

இனி கணக்கு. தேர்ச்சி 65 என்று வைத்தால் நான்கு காலாண்டுக்கு 260 வேண்டும். கையில் 192 இருக்கிறது. கடைசியில் 68 எடுத்தால் இந்த வருஷம் தப்பியது. ஆனால் கடைசிக் காலாண்டில் தேறியே ஆக வேண்டும் என்று விதி வைத்த பள்ளிகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலாண்டு சுகாதார வகுப்பாக இருந்தால் அதைத் தனிப் பாடமாகக் கணக்கிடுகிறார்களா என்பதும் தெரிய வேண்டும்.

போன வருஷத்தது தனிக் கடன். நியூ ஜெர்சியில் பள்ளிப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டில் (பாடம் தேறினால் கிடைக்கும் புள்ளி), படிக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 3.75 சுகாதாரமும் உடற்கல்வியும். ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷத்து ஜிம் அதை ஈடுகட்டாது. இங்கேதான் பரதம் உதவலாம். வகுப்பில் உட்காராமல் வேறு வழியில் கிரெடிட் பெற மாநிலம் இடம் தருகிறது. ‘ஆப்ஷன் டூ’ என்பார்கள். ஆனால் பள்ளி மாவட்டம் (உங்கள் ஊர்ப் பள்ளிகளின் நிர்வாகம்) முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். இதுவரை ஆடிய எட்டு வருஷத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். வாரம் 150 நிமிடம் என்பது மாநிலக் கணக்கு, 36 வாரத்துக்கு 90 மணி நேரம். தேதி, நிமிடம், என்ன பயிற்சி, நாட்டிய ஆசிரியை கையெழுத்து என்று ஒரு நோட்டைத் தயாராக வையுங்கள். எத்தனை மணி என்பதை மாவட்டம் முடிவு செய்யும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கோடை வகுப்பு அல்லது பள்ளி ஏற்கும் ஆன்லைன் வகுப்பு. அதையும் பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலரிடம் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

டாக்டர் சீட்டு பழைய பூஜ்யங்களை அழிக்காது. உண்மையாகவே உடல்நலமோ பதற்றமோ காரணமென்றால், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பிரச்சினை தொடர்கிறது என்றால், உடல்நலக் குறையோ மனநலக் குறையோ உள்ள மாணவருக்குப் பள்ளி செய்துதரும் வசதிகளை எழுதிவைக்கும் ‘504’ திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

இந்த வாரமே கவுன்சிலருக்கும் ஜிம் ஆசிரியருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். விட்ட நாட்களை ஈடுசெய்யலாமா, 11ஆம் வகுப்புக் கிரெடிட்டுக்கு என்ன வழி, கடைசித் தேதி என்ன, கோடையில் முடித்தால் ஜூன் மேடையில் ஏறலாமா என்று நான்கே கேள்வி. வாய்மொழிப் பதில் வந்தால் அதை நீங்களே எழுதித் திருப்பி அனுப்புங்கள். பள்ளி டிப்ளமா ஆகஸ்டில்தான் வரும் என்றால், சேரப்போகும் கல்லூரிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். இறுதி மதிப்பெண் பட்டியலில் அவர்களே பார்த்துக் கண்டுபிடிக்க விடாதீர்கள்.